எம்ஜிபிக்குப் பெரிய எஞ்சின்: எதை வைக்கலாம், எதை விடலாம்

எம்ஜிபி வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு சுற்றிச் சுற்றி எஞ்சினில்தான் வந்து நிற்கும். 1962இல் இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தொடங்கி 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்றைக்கும் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பது. உதிரிபாகங்களுக்கும் பஞ்சமில்லை, 1988இலிருந்து பாடி ஷெல்லையே பழைய அச்சுகளில் புதிதாக அடித்துத் தருகிறார்கள். எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: பார்க்கிற அளவுக்கு ஓடாது. 1798 சிசி, நாலு சிலிண்டர், நல்ல நிலையில் இருந்தால் 95 குதிரைசக்தி. 1970களின் பிற்பாதியில் அமெரிக்காவுக்குப் போன கார்களில், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்காகச் செய்த மாற்றங்களால் அதுவும் 70க்குக் கீழே போய்விட்டது.

இந்த எஞ்சின் நமக்குப் புதிதில்லை. பல ஆண்டுகள் நம் ஊர் அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அம்பாசிடரில் ஹெட் இறக்கிப் பழகிய மெக்கானிக் ஒருவர் எம்ஜிபி பானெட்டைத் திறந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அம்பாசிடருக்கும் பின்னாளில் இசுசு 1.8 எஞ்சின் வந்து சேர்ந்தது. ஆக, பி-சீரிஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் ஆசை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதில்லை.

எம்ஜிபிக்கு என்னென்ன வைக்கலாம்? ரோவர் வி8, இதே உடலில் வந்த எம்ஜிசி காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின், அமெரிக்க வி6, ஃபோர்டு வி8, மாஸ்டா எம்எக்ஸ்-5இன் எஞ்சின், பழைய பி-சீரிஸையே 1950 சிசிக்கு ரீபோர் செய்வது (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) என்று பட்டியல் நீளம். எல்லாமே யாரோ ஒருவர் செய்து ஓட்டியவைதான். முடியுமா என்பதை விட்டுவிடலாம். உங்களிடம் இருக்கிற காருக்கும் நீங்கள் ஓட்டுகிற விதத்துக்கும் எது பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில், குறை எஞ்சினில்தானா?

ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் மேல் கியர்) இல்லாத எம்ஜிபி நான்காவது கியரில் ஆயிரம் ஆர்பிஎம்முக்கு ஏறத்தாழ 18 மைல் வேகம் தரும். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் போனால் எஞ்சின் 3900 ஆர்பிஎம்மில் சுற்றும். இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்துவிட்டு இறங்குகிறவர் ‘எஞ்சினுக்குத் தெம்பு போதவில்லை’ என்றுதான் சொல்வார். உண்மையில் போதாமல் இருப்பது ஒரு கியர். வேலை செய்கிற ஓவர்டிரைவ் இருந்தால், அல்லது ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பாக்ஸையோ எம்எக்ஸ்-5இன் கியர்பாக்ஸையோ மாட்டினால், அதே வேகத்தில் 3200 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிடும். இதற்கான கிட்கள் கடையில் தயாராகக் கிடைக்கின்றன. மாட்டுவதற்குக் காரின் உடலில் பெரிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை.

எஞ்சின் மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்துவிட்ட யாரையும் ஐந்து கியர் உள்ள ஒரு எம்ஜிபியை ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டிப் பாருங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். பாதிப் பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அதற்குப் பிறகும் மேட்டில் இழுவை போதவில்லை, லாரியைத் தாண்டும்போது பிக்கப் இல்லை என்று தோன்றினால், சரி, எஞ்சினுக்கு வருவோம்.

கம்பெனியே இரண்டு முறை செய்து காட்டியது

பெரிய எஞ்சினை இந்தக் காருக்குள் முதலில் வைத்தது எம்ஜி கம்பெனிதான். 1967இல் எம்ஜிசி என்ற பெயரில் 2912 சிசி, ஆறு சிலிண்டர், 145 குதிரைசக்தி. காகிதத்தில் பார்த்தால் அருமையான கார். ஆனால் அது முழுக்க இரும்பு எஞ்சின், நீளமும் அதிகம். பழைய எஞ்சினைவிட 90 கிலோவுக்கு மேல் கனம். எம்ஜிபியின் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு மேல் அது உட்காரவில்லை. அதனால் முன்பக்க சஸ்பென்ஷனையே தூக்கிவிட்டு டார்ஷன் பார் (முறுக்கி நிமிரும் ஸ்பிரிங் கம்பி) வைத்தார்கள். சக்கரம் 15 அங்குலமானது, பானெட்டில் புடைப்பு வந்தது. இத்தனைக்கும் பிறகு கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டே ஆண்டுகளில், 9,000 கார்களோடு, 1969இல் நிறுத்தினார்கள்.

அடுத்த முயற்சி வெளியிலிருந்து வந்தது. கென்ட் பகுதியில் கென் காஸ்டெல்லோ என்பவர் 1970களின் தொடக்கத்தில் ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினை எம்ஜிபிக்குள் வைத்து விற்க ஆரம்பித்தார். அவருடைய கார்கள் பெயர் வாங்கியதும் எம்ஜியின் தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் தானே களத்தில் இறங்கி 1973இல் எம்ஜிபி ஜிடி வி8 காரைக் கொண்டுவந்தது (ஜிடி என்பது கூரை மூடிய வகை). 3528 சிசி, 137 குதிரைசக்தி. இந்தச் சக்தி எண் ஆறு சிலிண்டர் எம்ஜிசியைவிடக் குறைவு. ஆனால் இழுவையைப் பாருங்கள்: நாலு சிலிண்டர் எஞ்சினில் 110 பவுண்டு-அடி, வி8இல் 193 பவுண்டு-அடி, அதுவும் 2900 ஆர்பிஎம்மிலேயே. எட்டு சிலிண்டர் இருந்தும் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால் எடை ஏறக்குறைய இரும்பு நாலு சிலிண்டர் அளவுதான். சஸ்பென்ஷன் அமைப்பை மாற்ற வேண்டிவரவில்லை. பானெட்டும் பழையதே, கார்புரேட்டர்களைப் பின்னால் தள்ளித் தாழ்வாக வைத்து அந்த உயரத்துக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள்.

வந்த சில வாரங்களில் 1973 அக்டோபரின் எண்ணெய் நெருக்கடி வந்தது, வி8 என்றாலே மக்கள் ஒதுங்கினார்கள். 2,591 கார்களோடு 1976இல் அதுவும் நின்றது. காரில் பழுது கண்டு நிறுத்தியதில்லை அது. 1993இல் அதே உடலமைப்பைத் திருத்தி ஆர்வி8 என்று 3.9 லிட்டர், 190 குதிரைசக்தியில் மீண்டும் கொண்டுவந்தார்கள் என்பதிலிருந்தே இந்த எஞ்சினும் இந்த உடலும் எவ்வளவு ஒத்துப்போயின என்று தெரியும்.

எஞ்சின் தேர்வில் நான் முதலில் கேட்பது எடையைத்தான். அதற்கு அடுத்தது இடம். குதிரைசக்தி மூன்றாவது. முன் சக்கரத்தின் மேல் 90 கிலோ கூடினால் என்ன ஆகும் என்பதற்கு எம்ஜிசி சாட்சி. எடையைக் கூட்டாமல் இழுவையை ஏறக்குறைய இரட்டித்தால் என்ன ஆகும் என்பதற்கு வி8 சாட்சி. நல்ல எம்ஜிசி கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், நெடுந்தூரப் பயணத்துக்கு அது இனிமையான கார். சாதாரண எம்ஜிபியை அதுபோல் மாற்ற நினைக்காதீர்கள். முன்பகுதி உடலையே மாற்ற வேண்டிவரும்.

ரோவர் வி8: சொல்வதற்கு நிறைய இருக்கிறது

இது பிறந்தது அமெரிக்காவில், 1960களின் தொடக்கத்தில் ப்யூக் கம்பெனியின் 215 கன அங்குல எஞ்சினாக. அங்கே கைவிட்டதும் ரோவர் உரிமையை வாங்கி 1967இலிருந்து தன் கார்களில் போட்டது. பிறகு ரேஞ்ச் ரோவர், எஸ்டி1, டிஸ்கவரி என்று பல பத்தாண்டுகள் ஓடியதால் பழைய எஞ்சின்கள் இன்றும் கிடைக்கின்றன. 3.5, 3.9, 4.6 லிட்டர் எல்லாவற்றுக்கும் பிளாக்கின் வெளி அளவு ஏறக்குறைய ஒன்றேதான். ஒன்றுக்குச் செய்த மவுண்டிங்கில் மற்றதையும் உட்கார வைக்கலாம். இதைப் பார்த்ததும் எல்லோரும் 4.6க்குத் தாவுகிறார்கள். நான் தாவ மாட்டேன். 94 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள பெரிய பிளாக்குகளில் லைனருக்கு (சிலிண்டரின் உள் குழாய்க்கு) பின்னால் அலுமினியம் மெலிந்துவிடுகிறது. அங்கே விரிசல் விட்டால் கூலன்ட் சிலிண்டருக்குள் புகும். 4.0, 4.6 எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடமே இல்லை, ஆயில் பம்பும் கிராங்கிலிருந்து சுற்றுவது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டருமாக எளிமையாக ஓட்ட நினைப்பவர் முன் கவரையே மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டர் இக்னிஷனுக்குப் போக வேண்டும். 88.9 மில்லிமீட்டர் போர் உள்ள 3.5 இந்தத் தலைவலிகள் இல்லாதது. ஒரு டன் சொச்சம் எடையுள்ள காருக்கு அதுவே தாராளம்.

பழைய எஞ்சின் வாங்கும்போது ராக்கர் கவரைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே தார் மாதிரி கருப்பாகக் கசடு அப்பியிருந்தால் அந்த எஞ்சினுக்கு நேரத்தில் ஆயில் மாற்றவில்லை என்று அர்த்தம். அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சினை மெதுவாகக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பதினாறு ராக்கரையும் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடக் குறைவாக எழுந்தால் அந்த இடத்தில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. இந்த எஞ்சினின் பேர்பெற்ற பலவீனமே அதுதான். கேமும் லிஃப்டர்களும் புதிதாகப் போட்டால் தீரும் குறை, ஆகவே எஞ்சினை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. விலையைப் பேச அது ஒரு பிடி.

காருக்குள் வைக்கும்போது பாடு படுத்துவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுதான். வலது கை ஸ்டியரிங் காரில் ஸ்டியரிங் தண்டு வலது வரிசை சிலிண்டர்களை ஒட்டியே இறங்குகிறது. பிளாக்கை ஒட்டிய குறுகலான மேனிஃபோல்டு போட்டால் இடம் கிடைக்கும், ஆனால் வெப்பம் முழுக்க பானெட்டுக்குள்ளேயே தங்கும். ஆர்வி8 பாணியில் முன் சக்கர வளைவுச் சுவரில் துளை வெட்டி வெளியே கொண்டுபோனால் எஞ்சின் அறை நன்றாகக் குளிரும், மூச்சும் நன்றாக விடும். வெட்டிய தகட்டைத் திரும்ப ஒட்டுவது சுலபமில்லை என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் குழாய்க்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவில் கை விரல் தாராளமாக நுழைய வேண்டும். ஓடும் எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் ஆடும், நிற்கும்போது தொடாதது முறுக்கும்போது தொடும். ஆயில் ஃபில்டரை அது இருக்கும் இடத்தில் விட முடியாது, ஹோஸ் போட்டு வேறிடத்தில் வைக்க வேண்டும். ரேடியேட்டர் முன்னால் நகர வேண்டும், இரண்டு மின்விசிறி வேண்டும்.

இங்கேதான் உங்கள் கார் எந்த ஆண்டுக் கார் என்பது முக்கியமாகிறது. 1974 பிற்பாதியிலிருந்து வந்த, கருப்பு ரப்பர் பம்பர் வைத்த கார்களை யாரும் அழகென்று சொல்வதில்லை. அமெரிக்க விதிகளுக்காக உயரத்தையும் கூட்டினார்கள். ஆனால் வி8 ஜிடிக்காகத் திருத்திய எஞ்சின் அறைதான் அவற்றிலும் இருக்கிறது. அதில் வேலை பாதியாகிறது. குரோம் பம்பர் கார் என்றால் உள் சுவர்களில் தட்டி நிமிர்த்தும் வேலை கூடும். 1967க்கு முந்தைய முதல் வகையில் கியர்பாக்ஸ் சுரங்கமும் குறுகல். அந்தக் கால ரோட்ஸ்டர்களில் (திறந்த கூரை வகை) பின் ஆக்ஸிலும் பிந்தையதைப் போல் உறுதியானதில்லை. அத்தகைய காரை வெட்ட எனக்கு மனம் வராது, யாரையும் வெட்டச் சொல்லவும் மாட்டேன்.

கியர்பாக்ஸுக்கு எஸ்டி1இன் ஐந்து கியர் பாக்ஸ் இந்த எஞ்சினோடு நேராகச் சேரும். பின் ஆக்ஸிலில் நாலு சிலிண்டர் காரின் 3.9 விகிதத்தை வைத்துக்கொண்டு வி8 ஓட்டினால் முதல் கியர் தெருவைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும். ஜிடி வி8இல் இருந்ததுபோல் 3.07 போட வேண்டும். அப்போது 70 மைல் வேகத்தில் 2500 ஆர்பிஎம் கூட வராது. இந்த மாற்றத்தின் முழு இன்பமும் அங்கேதான் இருக்கிறது.

மற்றவை, சுருக்கமாக

அமெரிக்காவில் ஃபோர்டின் 302 வி8 வைப்பவர்கள் உண்டு. அங்கே பழைய மஸ்டாங்கிலிருந்து எளிதாகக் கிடைக்கும், சக்திக்கும் எல்லையில்லை. ஆனால் இரும்பு பிளாக், 200 கிலோ அளவுக்குக் கனம். ஹெட்டையும் மேனிஃபோல்டையும் அலுமினியத்துக்கு மாற்றினால் கொஞ்சம் இறங்கும். சன்பீம் டைகரில் இதே குடும்பத்தின் 260 எஞ்சினைத் திணித்தபோது ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்கு டாஷ்போர்டுப் பக்கச் சுவரில் துளை விட வேண்டியிருந்தது. சின்ன பிரிட்டிஷ் காரில் அமெரிக்க வி8 வைத்தால் பராமரிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும். ஜெனரல் மோட்டார்ஸின் 3.4 லிட்டர் வி6 குட்டையானது, எடையும் ஒத்துவரும். அமெரிக்காவில் இருப்பவருக்கு அது நல்ல வழி. இங்கிலாந்தில் அதற்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டும்.

எம்எக்ஸ்-5இன் 1.8 எஞ்சின் அளவில் பெரிதில்லை, பலனில் பெரிது. இரட்டை கேம், பதினாறு வால்வு, 130 குதிரைசக்திக்கு மேல், கூடவே அருமையான ஐந்து கியர் பாக்ஸ், பின் சக்கரத்துக்கென்றே நெடுவாக்கில் அமைந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் சோக் இழுக்காமல் ஓடும், பெட்ரோலும் மிச்சம். தினமும் வேலைக்கு எடுத்துப்போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். கம்ப்யூட்டர், சென்சார், ஒயரிங் எல்லாவற்றையும் அதோடு கொண்டுவர வேண்டும். ஒயரிங்கில் பொறுமை இல்லாதவர் இறங்கக் கூடாது. பானெட்டைத் திறந்தால் எம்ஜி தெரியாது என்பது சிலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்தும்.

பி-சீரிஸையே பெரிதாக்குவது

அதிகம் பேசப்படாத வழி இது, நான் அதிகம் மதிக்கிற வழியும் இதுதான். 80.26 மில்லிமீட்டர் போரை 83.5 அளவுக்குப் பெரிதாக்கினால் 1950 சிசி கிடைக்கும். 150 சிசி என்பது கேட்க அற்பமாக இருக்கும். பெரிய லாபம் ஹெட்டில் இருக்கிறது. இந்த எஞ்சினில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளே போகும் வழி இரண்டுதான். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வெளியே போகும் வழி மூன்று. எனவே மூச்சு விடுவதே இதற்குக் கஷ்டம். ஹெட்டின் வழிகளைச் சீராக்கி, கொஞ்சம் பெரிய வால்வும் மிதமான கேம்ஷாஃப்டும் போட்டு, நல்ல எக்ஸாஸ்டும் வைத்து, சுழலும் பாகங்களையெல்லாம் பேலன்ஸ் செய்துவிட்டால் சாலையில் சுகமாக ஓட்டக்கூடிய 115, 120 குதிரைசக்தி கிடைக்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டு முரட்டு கேம் போட்டால் டிராஃபிக்கில் தடுமாறும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். 1964 பிற்பாதிக்கு முந்தைய மூன்று பேரிங் பிளாக்கை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதற்குப் பின் வந்த ஐந்து பேரிங் பிளாக்கே சரி. போரைப் பெரிதாக்கும் முன் பிளாக்கைத் தரமான பட்டறையில் கொடுத்து, சிலிண்டர் சுவரில் எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு தகட்டைக்கூட வெட்ட வேண்டாம். மவுண்டிங், ரேடியேட்டர், ஸ்டியரிங் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஐந்து கியர் பாக்ஸும் சேர்த்துப் போட்டால் குரோம் பம்பர் ரோட்ஸ்டருக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது. வி8இன் இழுவை இதில் வராது, வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆக, குரோம் ரோட்ஸ்டர் என்றால் 1950 சிசியும் ஐந்து கியரும். ரப்பர் பம்பர் கார், அதிலும் ஜிடி என்றால் 3.5 ரோவர் வி8. தினசரி ஓட்டத்துக்கு எம்எக்ஸ்-5. ஏற்கெனவே துருப்பிடித்து, எஞ்சினும் போன காரைப் புது ஷெல்லில் எழுப்பப் போகிறீர்கள் என்றால் எதை வைத்தாலும் குற்றமில்லை. அப்போதும் என் கை வி8 பக்கம்தான் நீளும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் எஞ்சின் வாங்கும் முன் உடலைப் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பலம் முழுக்கக் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் இருக்கிறது. ரோட்ஸ்டரின் பக்கவாட்டு ஜாக்கிப் புள்ளியில் ஜாக்கி வைத்து மெதுவாக உயர்த்தி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறி கதவு இடித்தால், உள் சில் உளுத்துவிட்டது. பணம் முதலில் அங்கே போக வேண்டும். அடுத்தது பிரேக். வி8 காருக்குக் கம்பெனியே தடிமனான டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் கொடுத்தது, அதற்குக் குறைவாக எதையும் ஏற்காதீர்கள்.

காகித வேலையும் உண்டு. இங்கிலாந்தில் எஞ்சின் எண்ணும் சிசியும் மாறினால் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும், இன்சூரன்ஸுக்கும் சொல்ல வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து 40 வயது தாண்டிய கார்களுக்கு சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ஆண்டு எம்ஓடி சோதனை கட்டாயமில்லை; ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்த காருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதே எஞ்சினின் வேறு சிசி பெரிய மாற்றமாகக் கணக்கில் வராது, ஆகவே 1950 சிசிக்குச் சிக்கலில்லை. அந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த மாற்று எஞ்சினுக்கும் விலக்கு உண்டு என்பதால் ஜிடியில் ரோவர் வி8 வைத்தவர் வாதாட இடமிருக்கிறது. எம்எக்ஸ்-5க்கு அந்த இடம் இல்லை. சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எஞ்சின் மாற்றிய காரை ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோவது நல்லது என்பேன்.

கழற்றிய பழைய எஞ்சினை விற்றுவிடாதீர்கள். காரோடு பிறந்த எண் அதில் இருக்கிறது, நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார். ஸ்பார்க் பிளக் துளைகளில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, பிளக்கைத் திரும்பப் போட்டு, மேனிஃபோல்டு துளைகளை அடைத்து, ஈரம் படாத மூலையில் மரக்கட்டை மேல் நிறுத்தி வையுங்கள். அதன் மவுண்டிங், கார்புரேட்டர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், போல்ட் நட்டு எல்லாவற்றையும் எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டி, ஒரே பெட்டியில் போட்டுப் பக்கத்திலேயே வையுங்கள்.